2 இஞ்சிக் குழாயில எவ்வளவு தண்ணி வரும்? சூத்திரம் 262 எண்டுது, பரல் 143 எண்டுது

பரந்தன்பக்கம் | 03.06.2023, காலை 6.40

மிளகாய்த் தோட்டத்துக்கு 1000 லீற்றர் தாங்கியிலயிருந்து குழாய் போட்டிருக்கு. தாங்கித் தண்ணி மட்டத்துக்கும் தோட்டத்தில குழாய் வாய்க்கும் உயர வித்தியாசம் 4.2 மீற்றர். மேசன்மாரின்ர தண்ணி ரியூப்பால பிடிச்சது, அதில பிழையில்லை. குழாய் 2 இஞ்சி பீவிசி, நீளம் 140 மீற்றர், எல்போ (முழங்கை வளைவு) 5. குழாயில எவ்வளவு தண்ணி ஓடும் எண்டு சொல்லுற ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தில போட்டுப் பாத்தது:

ஓட்டம் = 0.2785 × சி × விட்டம்^2.63 × சாய்வு^0.54

சி (குழாயின்ர உள்பக்கம் எவ்வளவு வழுவழுப்பெண்டு காட்டுற எண்) 150, விட்டம் 0.063 மீற்றர், சாய்வு 4.2 ÷ 140 = 0.03. விடை செக்கனுக்கு 0.00437 கனமீற்றர், நிமிசத்துக்கு 262 லீற்றர். 200 லீற்றர் பரல் நிரம்ப 84 செக்கன் எடுக்குது. அப்ப 143 லீற்றர்தான் வருகுது. மிச்சம் எங்க போகுது? சி-ஐ 82 எண்டு போட்டாத்தான் கணக்கு ஒத்துவருகுது. பீவிசிக்கு 150 எண்டு எழுதி வைச்சிருக்கிறது பொய்யோ?

மட்டக்கோல் | 03.06.2023, காலை 7.15

சி 82 எண்டா கனகாலம் மண்ணுக்குள்ள கிடந்து உள்ளுக்குத் துரு முளைச்ச வார்ப்பிரும்புக் குழாய். புதுப் பீவிசி அப்பிடி வராது. சி-ல கை வைக்க முன்னம் விட்டத்தைப் பாருங்கோ. 63 மில்லிமீற்றர் எண்டுறது வெளிவிட்டம். தண்ணி ஓடுறது உள்விட்டத்தில. சுவர்த் தடிப்பு ரெண்டு பக்கமும் கழியோணும்.

வெட்டின துண்டு ஒண்டு எடுத்து, பிசிரைச் சுரண்டிப்போட்டு, வேர்னியரால (நுணுக்கமா அளக்கிற இடுக்கி அளவுகோல்) நாலு இடத்தில உள்விட்டம் பிடியுங்கோ. வெயிலில கிடந்த குழாய் முட்டை வடிவா நசிஞ்சிருக்கும், ஒரு அளவு காணாது. வேர்னியர் இல்லையெண்டா சரியா 1 மீற்றர் துண்டுக்கு அடியில மூடி போட்டு, தண்ணி நிரப்பி நிறுங்கோ. மூடிக்குள்ள நிக்கிற தண்ணியைக் கழிக்க மறக்க வேண்டாம். 2.64 கிலோ தண்ணி பிடிச்சா உள்விட்டம் 58 மி.மீ. 2.83 எண்டா 60.

5 மி.மீ. தானே எண்டு நினைக்காதேங்கோ. விட்டத்தின்ர அடுக்கு 2.63. 63-க்குப் பதிலா 58 எண்டா ஓட்டம் கிட்டத்தட்ட அஞ்சில ஒரு பங்கு குறையும்.

செட்டிகுளம் | 03.06.2023, மதியம் 12.50

சி பற்றி. புதுப் பீவிசி, பொலித்தீன் குழாய்க்கு 150. திட்டம் போடேக்க 140 எடுக்கிறது நல்லது. புது ஜீஐ (நாகம் பூசின இரும்பு) குழாய் 120, பழசு 100, அதுக்குக் கீழயும் போகும். எங்கட பக்கம் கேத்தில்ல வெள்ளையாப் படியிற தண்ணி. அந்தப் படிவு குழாயுக்குள்ளயும் படியும். அங்க சொரசொரப்பை விட விட்டம் குறையிறதுதான் பெரிய அடி: 50 மி.மீ. குழாயில சுத்திவர 2 மி.மீ. படிஞ்சா உள்விட்டம் 46. சி-ஐ மாத்தாமலே ஓட்டம் 20 வீதம் போயிடும்.

பரந்தன்பக்கம் அண்ணை 140 போட்டுப் பாக்கட்டும்.

பரந்தன்பக்கம் | 04.06.2023, காலை 7.05

நாலு இடத்தில பிடிச்சன்: 57.8, 58.3, 58.1, 57.9. 58 எண்டு வைச்சா 211 லீற்றர். சி 140 எண்டா 197. இன்னும் 143-க்கு எட்டவில்லை.

ஒட்டுசுட்டான் | 04.06.2023, காலை 9.30

ஒரு சந்தேகம். தோட்டம் சமதரையெண்டா சாய்வு எங்கயிருந்து வருகுது? நிலத்தின்ர சரிவைத்தானே போடோணும்?

மட்டக்கோல் | 04.06.2023, காலை 10.10

இல்லை தம்பி. நிலம் எப்பிடிக் கிடந்தாலும் கவலையில்லை. தாங்கிக்குள்ள தண்ணியின்ர மேல்மட்டம் ஒண்டு, குழாய் வாய் ஒண்டு. ரெண்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைக் குழாய் நீளத்தால வகுத்தா வாறதுதான் இதில சாய்வு. குழாய் இடையில பள்ளத்தில இறங்கி ஏறினாலும் கணக்கு அதே. மேட்டில ஏறினா மட்டும் வேற பிரச்சினை, அது காத்து. அதை ஆராவது கேட்கேக்க சொல்லுறன்.

இன்னொண்டு: அந்த 4.2 மீற்றரும் குழாய் உராய்வுக்கு மட்டும் கிடைக்கிறதில்லை. எல்போ, வால்வு, தாங்கி வாய் எல்லாம் பங்கு கேட்கும். சூத்திரத்துக்கு நேர்க் குழாய் மட்டும்தான் தெரியும். பரந்தன்பக்கம், தாங்கி அடியில என்ன நிப்பிள் (தாங்கியில குழாயைப் பொருத்துற குட்டைத் துண்டு) போட்டிருக்கு?

பரந்தன்பக்கம் | 04.06.2023, இரவு 8.20

தாங்கியோட வந்த 1 இஞ்சி நிப்பிள். அதில 1 இஞ்சி கேற் வால்வு. பிறகு ரெடியூசர் (சின்னக் குழாயைப் பெரிசோட இணைக்கிற துண்டு) போட்டு 2 இஞ்சிக் குழாய்.

மட்டக்கோல் | 04.06.2023, இரவு 10.45

ஆள் பிடிபட்டிட்டுது.

1 இஞ்சி நிப்பிளுக்குள்ள 25 மி.மீ. ஓட்டை. நிமிசத்துக்கு 143 லீற்றர் அதால போகோணுமெண்டா வேகம் செக்கனுக்கு 4.85 மீற்றர். அந்த வேகத்தை உண்டாக்க மட்டும் 1.2 மீற்றர் உயரம் செலவு (வேகத்தின்ர வர்க்கத்தை 19.62-ஆல வகுக்க வாறது). 58 மி.மீ. குழாயில அதே தண்ணி 0.9 மீற்றர் வேகத்திலதான் ஓடுது, அங்க இந்தச் செலவு 4 சென்ரிமீற்றர்.

நிப்பிளுக்குள்ள நுழையிற இழப்பு அந்த 1.2-இல பாதி. வெளிய வந்து பெரிய குழாயில திடீரெண்டு விரியேக்க இன்னும் மூண்டில ரெண்டு பங்கு போயிடும். விரியிற இடத்தில தண்ணி சுழண்டு சுழண்டு அந்த வேகத்தைச் சூடாக்கிப்போடும், திருப்பித் தராது. ரெண்டும் சேர்த்து 1.4 மீற்றர். முழுக்கத் திறந்த கேற் வால்வுக்கு 0.24. மொத்தம் 1.64 மீற்றர் தாங்கியின்ர காலடியிலயே முடிஞ்சுது.

மிச்சக் கணக்கு: எல்போ 5-உம் கடைசி வாயும் சேர்ந்து 0.23. நேர்க் குழாய் உராய்வு சி 150-க்கு 2.04, சி 140-க்கு 2.32. 140 எடுத்தா 1.64 + 0.23 + 2.32 = 4.19.

4.2-க்கு ஒரு சென்ரிமீற்றர்தான் குறைவு. கணக்கு இவ்வளவு வடிவா வந்தா எனக்குச் சந்தேகம்தான் வாறது, எண்டாலும் நிப்பிள்தான் கள்ளன். 2 இஞ்சி நிப்பிளும் 2 இஞ்சி வால்வும் போட்டா 186 லீற்றர் வரோணும்.

ஒட்டுசுட்டான் | 05.06.2023, காலை 8.00

என்ர கணக்கில ஆரம்பத்திலேயே 300-க்கு மேல வருகுது. வேகம் = 1.318 × சி × ஆர்^0.63 × சாய்வு^0.54 எண்டு ஒரு இடத்தில பாத்துப் போட்டது. ஆர் 0.029.

செட்டிகுளம் | 05.06.2023, காலை 8.25

ரெண்டு பிழை. 1.318 அடிக் கணக்குக்குரியது. மீற்றருக்கு 0.849. ஆர் எண்டது ஆரை இல்லை. குறுக்குப் பரப்பை நனையிற சுற்றளவால வகுத்தது. முழுக்க நிரம்பின வட்டக் குழாய்க்கு அது விட்டத்தில நாலில ஒண்டு, 0.0145. நீங்கள் அரைவாசியை எடுத்திருக்கிறியள்.

வேடிக்கை என்னெண்டா ரெண்டு பிழையும் தனித்தனியா ஒரே அளவுதான் கூட்டிக் காட்டும், 1.55 மடங்கு. விடை ஒண்டரை மடங்கு கூட வந்தா இந்த ரெண்டில ஒண்டு. ரெண்டும் சேர்ந்தா 2.4 மடங்கு. உங்களுக்கு 300 எண்டது கொஞ்சம் குறைவாப் படுகுது, பரப்பிலயும் எங்கயோ கை தவறியிருக்கு.

ஒட்டுசுட்டான் | 05.06.2023, காலை 8.40

ஓம், பரப்புக்கு 4-ஆல வகுக்கிறதை 6.5-ஆல வகுத்திருக்கு. எப்பிடியெண்டு கேக்காதேங்கோ.

மட்டக்கோல் | 05.06.2023, இரவு 9.10

அந்த 1.318 ஏன் இப்பிடி அரைகுறை எண் எண்டு யோசிக்கிற ஆக்களுக்கு: 0.001-இன்ர −0.04 ஆம் அடுக்குப் போட்டுப் பாருங்கோ, 1.318 வரும். அலன் ஹேசனும் கார்ட்னர் வில்லியம்ஸும் 1905-இல அட்டவணை போட்ட காலத்தில ஆக்களுக்குப் பழக்கமானது செசி எண்டவரின்ர பழைய ஓட்டச் சூத்திரத்தில வாற சி. ஆயிரத்துக்கு ஒண்டு சாய்விலயும் ஆர் 1 அடியிலயும் தங்கட சி-உம் செசியின்ர சி-உம் ஒண்டா வரட்டும் எண்டு பொருத்தி வைச்ச எண் அது. 0.63, 0.54 எல்லாம் அளந்த புள்ளியளுக்கு நடுவால கோடு இழுத்து எடுத்தது, தேற்றம் ஒண்டும் இல்லை. அதால எல்லை உண்டு: தண்ணிக்கு மட்டும், 2 இஞ்சியும் அதுக்கு மேலயும், செக்கனுக்கு 3 மீற்றருக்குக் கீழ, 15–16 பாகை அளவுத் தண்ணி. மண்ணெண்ணெய் ஓடுற குழாய்க்குப் போடக்கூடாது.

பரந்தன்பக்கம் | 10.06.2023, மாலை 5.30

2 இஞ்சி நிப்பிள் போட்டாச்சு. செய்யப்போற ஆக்களுக்கு: தாங்கியில நிப்பிள் போடுறதுக்கெண்டு தட்டையா ஒரு இடம் இருக்கும், அதிலதான் ஓட்டை. வளைவில போட்டா வாசர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிக்கும், பிறகு என்ன பூசினாலும் ஒழுகும். வட்ட வாளால ஓட்டை, ஓரத்தைக் கத்தியால சீவிறது, உள்ளுக்கும் வெளியிலயும் ரப்பர் வாசர், நட்டைக் கையால இறுக்கிப்போட்டு ஸ்பனரால அரைச் சுத்து. அதுக்கு மேல இறுக்கினா வாசர் பிதுங்கி வெளிய வரும். அடியிலயிருந்து 5 சென்ரிமீற்றர் மேல வைச்சது, மண்டி இழுபடாமல் இருக்க.

பரல் இப்ப 66 செக்கன். 182 லீற்றர். மட்டக்கோல் அண்ணை சொன்னது 186.

செட்டிகுளம் | 10.06.2023, இரவு 7.45

நல்லது. ஆனா பரலைப் பற்றி ஆரும் கேட்கேல்லை. அது எண்ணெய் வந்த இரும்புப் பரல் எண்டா 200 லீற்றர் எண்டுறது வாய்ப்பேச்சு. 55 அமெரிக்கக் கலன், 208 லீற்றர். விளிம்பு வரைக்கும் நிரப்பினா அதுக்கும் மேல பிடிக்கும். அளவு பிடிக்கிறதெண்டா வாளியைத் தராசில வைச்சு 20 கிலோ தண்ணியா 10 தரம் ஊத்தி, உள்ளுக்குப் பெயின்ரால கோடு போடுங்கோ. அந்தக் கோட்டில மணிக்கூட்டை நிப்பாட்டோணும்.

இன்னொண்டு: 1000 லீற்றர் தாங்கியில ஒரு பரல் எடுத்தா மட்டம் 20 சென்ரிமீற்றர் இறங்கும். 4.2 எண்டு தொடங்கினது 4.0-இல முடியுது. சராசரி 4.1.

பரந்தன்பக்கம் | 11.06.2023, காலை 7.20

வாளியால ஊத்திப் பாத்தன். நான் நிப்பாட்டுற இடத்தில 208 லீற்றர். அப்ப முதல் அளவு 149, புது அளவு 189.

மட்டக்கோல் | 11.06.2023, இரவு 9.50

4ஆம் திகதி இரவு எழுதின என்ர 4.19-ஐத் திருப்பி எடுக்கிறன். பரலைத் திருத்தி, உயரத்தை 4.1 ஆக்கி, ரெண்டு அளவிலயும் சி-ஐப் பின்னால தேடிப் பாத்தன். நிப்பிள் மாத்த முன்னம் 154. மாத்தின பிறகு 144. ஒரே குழாய், ஒரே தண்ணி, இடையில ஒரு கிழமை. குழாய் மாறேல்லை. என்ர ஊகம்தான் ஆடுது: நிப்பிள் இழப்பில 10 வீதம் கூடக்குறைய எடுத்தா முதல் சி 7 அளவில நகரும். மணிக்கூட்டை ஒரு செக்கன் பிந்தி அமத்தினா இன்னும் 4 அளவில.

அதால சி 140-ஓ 150-ஓ எண்டு இந்தப் பரலை வைச்சுச் சண்டை பிடிக்க ஏலாது. ஓட்டம் சி-க்கு நேர் விகிதம். பரலில 4 வீதப் பிழை சி-ல 4 வீதமா வந்து நிக்கும். விட்டத்தில 4 வீதப் பிழையெண்டா ஓட்டத்தில 10 வீதத்துக்கு மேல. முதல் விட்டம், ரெண்டாவது தொண்டை இறுகிற இடங்கள், மூண்டாவது பரல். இந்த மூண்டையும் பிடிச்சுப்போட்டுக் கடைசியில மிஞ்சிறதைத்தான் சி-ன்ர தலையில போடலாம். முதல் நாள் 82 எண்டு வந்ததில குழாயின்ர குணம் ஒண்டும் இல்லை, எங்கட பிழையளின்ர கூட்டுத்தொகை அது.

பொருத்துக்குள்ள பீவிசி கம் கூடப் பூசினா உள்ளுக்கு வளையமா உறையும், அதுவும் ஒரு தொண்டைதான். கம்மை ஆண் பக்கத்தில மெல்லிசா, சொக்கற்றுக்குள்ள அதைவிட மெல்லிசா.

ஒட்டுசுட்டான் | 13.06.2023, மதியம் 1.15

பரல் இல்லாத இடத்தில பாய்ச்சலை அளக்கிற முறை ஒண்டு இருக்கு. குழாய் வாய் மட்டமா, முழுக்க நிரம்பி ஓடோணும். குழாயின்ர உள் மேல்விளிம்பில தொடங்கி, பாயிற தண்ணியின்ர மேல்தோல் 30 சென்ரிமீற்றர் கீழ இறங்கிற இடம் வாயிலயிருந்து எவ்வளவு தூரத்தில எண்டு பாக்கிறது. ரெண்டு தடியை எல் மாதிரி ஆணியடிச்சு, நெட்டைத் தடியைக் குழாய்க்கு மேல வைச்சுத் தள்ளி, குட்டைத் தடியின்ர நுனி தண்ணியைத் தொடுற இடத்தில நிப்பாட்டினா சரி. நெட்டைத் தடி குழாய் வெளித்தோலில இருக்கும், அதால குட்டைத் தடி 30 + சுவர்த் தடிப்பு.

லீற்றர்/நிமிசம் = 0.019 × உள்விட்டம்(மி.மீ.)^2 × தூரம்(செ.மீ.)

சோளகம் அடிக்கிற மத்தியானத்தில செய்யாதேங்கோ, பாய்ச்சல் வளைஞ்சு போகும். விடியப்புறம் காத்து விழுந்திருக்கேக்க செய்யோணும். 58 மி.மீ. குழாயில ஒரு சென்ரிமீற்றர் பிழை 6 லீற்றருக்கு மேல.

புதுக்குடியிருப்பு | 17.06.2023, இரவு 8.05

தென்னைக்கு 300 மீற்றர் இழுக்கோணும். 2 இஞ்சித் தண்ணி இறைக்கிற மிசின், பெட்டியில 600 லீற்றர்/நிமிசம், 32 மீற்றர் எண்டு போட்டிருக்கு. கிணத்துத் தண்ணியிலயிருந்து குழாய் வாய்க்கு 6 மீற்றர் ஏத்தம். அதே 63 குழாய். 600 வருமோ?

மட்டக்கோல் | 17.06.2023, இரவு 10.30

600-உம் 32-உம் ஒரே நேரத்தில வராது. 600 எண்டது ஏத்தம் ஒண்டும் இல்லாமல் வாயைத் திறந்துவிட்டா. 32 மீற்றர் எண்டது தண்ணி வராமல் சும்மா முக்கிக்கொண்டு நிக்கிற உயரம். விக்கிறவைக்கு ரெண்டும் ஒண்டாப் போட்டாத்தான் வடிவு.

உற்பத்தியாளர் தாற வளைகோடு கிடைச்சா அதை எடுங்கோ. இல்லையெண்டா ரெண்டு புள்ளிக்கும் நடுவால ஒரு பரவளைவு காணும்: உயரம் = 32 − 32 × (ஓட்டம் ÷ 600)^2.

குழாய் கேக்கிறது: 6 மீற்றர் ஏத்தம், கூட 300 மீற்றர் உராய்வு. உள்விட்டம் 58, சி 150 எண்டா 143 லீற்றரில 100 மீற்றருக்கு 1.46 மீற்றர் உராய்வு. மற்ற ஓட்டங்களுக்கு விகிதத்தை 1.852 அடுக்கால உயத்துங்கோ.

200 லீற்றரில: குழாய் கேக்கிறது 14.1, மிசின் தரக்கூடியது 28.4. மிசினுக்கு இன்னும் பலம் இருக்கு.
300-இல: கேக்கிறது 23.2, தாறது 24.
350-இல: கேக்கிறது 28.9, தாறது 21.1. ஏலாது.

ஆக 300-க்குக் கிட்ட. எல்போ, புட்வால்வு (உறிஞ்சிற குழாயின்ர அடியில இருக்கிற வால்வு), உறிஞ்சல் பக்கம் சேர்த்தா இன்னும் 10–15 குறையும். பெட்டியில போட்டிருக்கிறதில அரைவாசி.

75 குழாய் போட்டா (உள்விட்டம் 70 எண்டு வைப்பம்) உராய்வு நூற்றுக்கு நாப்பதாக் குறையும். 400-இல கேக்கிறது 17.8, தாறது 17.8. அதே எண்ணெயில 100 லீற்றர் கூட. ஆனா உறிஞ்சிற பக்கத்தை நீட்டாதேங்கோ. மிசினைத் தண்ணிக்குக் கிட்ட இறக்கி வைச்சு, தள்ளுற பக்கத்தை நீட்டுங்கோ. உறிஞ்சிறதுக்குக் காத்தழுத்தம் மட்டும்தான் துணை, 7 மீற்றரைத் தாண்டினா மிசின் சத்தம் போடும், தண்ணி வராது.

புதுக்குடியிருப்பு | 18.06.2023, காலை 6.15

75 குழாய்க் காசும் எண்ணெய்க் காசும் சேர்த்து வீட்டில கதைச்சுப்போட்டு வாறன்.

பரந்தன்பக்கம் | 22.06.2023, காலை 7.30

புதுப் பிரச்சினை. தாங்கி முழுக்கக் காலியாகித் திருப்பி நிரப்பின பிறகு பரல் 105 செக்கன் எடுக்குது. வால்வு முழுக்கத் திறப்பு. நிப்பிள் சுத்தம்.

செட்டிகுளம் | 22.06.2023, காலை 8.00

குழாய் எங்கயாவது மேட்டில ஏறி இறங்குதோ?

பரந்தன்பக்கம் | 22.06.2023, காலை 8.10

90 மீற்றர் தாண்டி வாய்க்கால் வரம்புக்கு மேலால. குழாய் வாய் மட்டத்திலயிருந்து 70 சென்ரிமீற்றர் உயரம்.

மட்டக்கோல் | 22.06.2023, இரவு 8.40

இதுதான் 4ஆம் திகதி பிறகு சொல்லுறன் எண்ட காத்து. குழாய் காலியாகேக்க மேட்டில காத்து தங்கிப்போகும். தண்ணி திரும்பி வரேக்க அந்தக் காத்து குழாயின்ர முதுகில ஒட்டிக்கொண்டு நிக்கும். தண்ணி அதுக்குக் கீழால ஒடுங்கி ஓடும். வேகம் காணாட்டி இழுத்துக்கொண்டு போகாது. கையால தட்டிப் பாத்தா அந்த இடம் வெறும் டப்பா மாதிரிச் சத்தம் போடும்.

மேட்டின்ர உச்சியில ரீ போட்டு, அரை இஞ்சி வால்வு ஒண்டை நிமித்தி வையுங்கோ. திறந்துவிட்டா சீறும், பிறகு துப்பும், பிறகு நிரையாத் தண்ணி வரும். அப்ப பூட்டலாம். ஆனா வைக்க முன்னம் ஒரு கணக்கு: அந்த இடத்தில குழாய்க்குள்ள அழுத்தம் மிச்சம் இருக்கோ? 90 மீற்றருக்கு உராய்வு 2.2, இடை இழப்பு 0.2 அளவில. 4.2-இல மிச்சம் 1.8. மேடு 0.7. ஒரு மீற்றருக்கு மேல மிச்சம் இருக்கு, காத்து வெளியதான் போகும். மேடு 1.8-ஐத் தாண்டியிருந்தா வால்வைத் திறக்க வெளிக்காத்தை உள்ளுக்கு இழுக்கும். அப்பிடிப்பட்ட இடத்தில வரம்பை வெட்டிக் குழாயைத் தாட்டுவிடுறதுதான் வழி.

மண்ணுக்குள்ள தாட்டுவிட்டா பீவிசி வெயிலில வெடிக்காமலும் இருக்கும்.

ஒட்டுசுட்டான் | 23.06.2023, மதியம் 12.20

வெயில் எண்டதும் ஞாபகம் வந்தது. சூத்திரம் 15–16 பாகைத் தண்ணிக்கு எண்டா இங்கத்தச் சூட்டுக்கு?

மட்டக்கோல் | 23.06.2023, இரவு 9.00

சூட்டுத் தண்ணி இளகி ஓடும். 30 பாகையில பாகுத்தன்மை 16 பாகையில இருக்கிறதில முக்கால் பங்குக்கும் குறைவு. பாகுத்தன்மையையும் கணக்கில எடுக்கிற டார்சி–வெய்ஸ்பாக் சூத்திரத்தால அதே 58 குழாய், 140 மீற்றர், 189 லீற்றர், 30 பாகைக்குப் போட்டா உராய்வு 3.2 மீற்றர். ஹேசன்–வில்லியம்ஸ் சி 150-க்கு 3.4 சொல்லுது. ஓட்டத்தில 3 வீத வித்தியாசம். பரல் பிழையை விடச் சின்னது. வன்னியில இந்தச் சூத்திரம் கொஞ்சம் குறைச்சுச் சொல்லும், அதால ஆருக்கும் நட்டமில்லை.

பரந்தன்பக்கம் | 26.06.2023, மாலை 6.00

காத்து வால்வு வைச்சாச்சு, பரல் திரும்ப 66. அடுத்தது சொட்டு நீர். 16 மி.மீ. வயர் (துளை போட்ட மெல்லிய குழாய்) 50 மீற்றர், 30 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை, துளைக்கு மணிக்கு 2 லீற்றர். இதே சூத்திரம் சரியோ?

செட்டிகுளம் | 26.06.2023, இரவு 8.30

அப்பிடியே போடக்கூடாது. ரெண்டு காரணம்.

ஒண்டு, 2 இஞ்சிக்குக் கீழ இறங்க இறங்க 150 எண்டுறது உராய்வைக் குறைச்சுக் காட்டும். உள்விட்டம் 13.6 எண்டு எடுத்தா, 167 துளைக்கும் சேர்த்து வாயில நுழையிறது நிமிசத்துக்கு 5.6 லீற்றர். ஹேசன்–வில்லியம்ஸ் சொல்லுறது மீற்றருக்கு 4.2 சென்ரிமீற்றர். டார்சி–வெய்ஸ்பாக் 4.8 சொல்லும். 130, 135 எண்டு சி-ஐ இறக்கினா கிட்ட வரும்.

ரெண்டாவது, முழுத்தண்ணியும் 50 மீற்றர் போறதில்லை. வழி நெடுகக் கழண்டு கழண்டு போகுது. அதுக்குக் கிறிஸ்ரியன்சன் 1942-இல தந்த குணகம்: துளை கனக்க எண்டா 0.35-ஆல பெருக்கிறது. 4.8 × 50 × 0.35 = 84 சென்ரிமீற்றர். 4 மீற்றர் தாங்கிக்கு இது தாங்கும், ஆனா வடிகட்டி அடைச்சா அதுவே ஒரு மீற்றர் தின்னும். வடிகட்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒளி தெரியிற ரியூப் நிமித்திக் கட்டி மட்டம் பாருங்கோ. ரெண்டு ரியூப் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வடிகட்டி தின்னுறது.

புதுக்குடியிருப்பு | 28.06.2023, இரவு 7.10

75-க்கு ஓம் சொல்லியாச்சு. இன்னொரு கேள்வி: இரணைமடு வாய்க்கால் மாதிரித் திறந்த வாய்க்காலுக்கும் இதைப் போடலாமோ?

மட்டக்கோல் | 28.06.2023, இரவு 7.25

வேண்டாம். திறந்த வாய்க்கால், பாதி நிரம்பின ஹியூம் (கொங்கிறீற்) குழாய் எல்லாம் மானிங் சூத்திரம். அதுக்கு வேற இழை திறவுங்கோ.

ஒட்டுசுட்டான் | 02.07.2023, காலை 6.50

திருத்தம். 13ஆம் திகதி பாய்ச்சல் சூத்திரத்தில 0.019 எண்டு எழுதிப்போட்டன். 0.0019 தான் சரி. 58 குழாயில தூரம் 29.5 வந்தா 189 லீற்றர். 0.019 போட்டா 1900 வரும். 19 நாளா ஒருத்தரும் கேட்கேல்லை, ஆரும் தடியை அடிக்கேல்லை எண்டு விளங்குது.

பரந்தன்பக்கம் | 02.07.2023, காலை 7.10

தடி அடிச்சனான். 1900 வந்தது. பரல் பொய் எண்டு நினைச்சு இன்னொருக்கா நிறுத்தும் பாத்தன்.